இறகு போட்ட போர்வை

அந்த வீட்டின் முன்னறையில் நாற்காலி கிடையாது. வருகிறவர்கள் நின்றுகொண்டேதான் பேச வேண்டும். சுவருக்குச் சுவர் நீண்டு கிடக்கும் இரும்புச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் துணி சுற்றுகிற உருளைகள், நடுவில் கைப்பிடியைப் பிடித்து அங்கும் இங்கும் ஓட்டுகிற பெரிய தையல் மெஷின். இவ்வளவும் போக மிச்சமிருக்கிற இடத்தில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்து போகலாம்.

"இது மெஷின் குடியிருக்கிற வீடுங்க. நாங்க ரெண்டு பேரும் சும்மா ஒண்டிக்கிட்டிருக்கோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருந்து இருந்து, வாயைத் திறந்தால் விளையாட்டுத்தான்.

மெஷின் அவருடைய மனைவியுடையது. அவளைப் பூத்தையல்காரி என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள், மேல்துணியை மட்டும் வீட்டில் தைத்து அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் அதற்கு அடியில் பஞ்சு விரிப்பு வைத்து, அதற்கும் அடியில் ஒரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்து மேலே ஒரு டிசைன் ஓட்டித் தருவாள். அந்த டிசைனில்தான் அவளுக்குப் பெயர்.

எந்தப் போர்வைக்கு எது பொருந்தும் என்பதில் அவள் கண் தப்பாது. கட்டம் போட்ட சட்டைத் துணியாக இருந்தால், கண்ணை உறுத்துகிற மூலைகளெல்லாம் அடங்கும்படி வட்ட வட்டமாகச் சுழித்து விடுவாள். பூப்போட்ட துணிமேல் பூ ஓட்ட மாட்டாள். ஓட்டினால் இரண்டு பூவும் கெட்டுப் போகும், நேர்க்கோடுதான் அதற்கு. குழந்தைப் போர்வை ஓயாமல் துவைபடும் என்பதால் அறுந்து போகாத மாதிரி ஒரே இழையில் வளைந்து வளைந்து போவாள். நைந்த பழந்துணி வந்தால் ஊசியை நெருக்கவே மாட்டாள். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. செய்து செய்து கைக்கு வந்தது.

ஆனால் கைக்கு வந்தது என்று அவள் சொல்லுவதில்லை. யாராவது துணியை விரித்தால் கையைக் கூப்பி, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ முணுமுணுப்பாள். கண்ணைத் திறந்து, "ஆண்டவன் காட்டிட்டான். இதுக்கு அலைதான்" என்பாள். அல்லது இலைக்கொடி என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

இதை வேஷம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மெஷின் வந்த புதிதில் அவளுக்கு அவ்வளவு பயம். ஒருத்தி கைவலிக்க ஒட்டுப்போட்ட துணியில் நாம் ஊசியை இறக்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாதே என்று ஊசியைத் தூக்கியபடியே நிறுத்தி வைத்திருப்பாள். பயத்தில் கேட்டது அந்த வேண்டுதல். நிஜமாகக் கேட்டாள், நிஜமாகத்தான் மனதில் வந்தது. நாளாக ஆக, பயம் போய்விட்டது. வேண்டுதல் மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது. "அந்தம்மா கண்ணை மூடித் திறந்தாப் போதும்" என்று ஊரில் பேச்சு வந்தபின், கண்ணை மூடுவதிலும் ஒரு அழகு சேர்ந்துகொண்டது. அது அவளுக்கே தெரியாது.

பெரிய தெருவில் ஒரு ஜவுளிக்கடை உண்டு. அந்தக் கடைக்காரர் ஒரு நாள் நூல் வாங்க வந்தவளை நிறுத்தி, "உங்க வேலையில நல்லதா ஒண்ணு குடுங்கம்மா, முன்னால கண்ணாடிக்குள்ள மாட்டி வைக்கிறேன். நாலு பேர் பாக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் இறகுதான். நீளமாக வளைந்து, முடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓரத்தில் பொடிப் பொடியாகத் தையல் நிறைந்த இறகு. பொட்டலம் கட்டி வந்த தாளிலெல்லாம் வரைந்து வரைந்து பார்த்தாள். ஆனால் அதை ஓட்ட இடம் வேண்டுமே! வருகிற துணியெல்லாம் பூவும் புள்ளியுமாக வந்தது. வெறுமையாக ஒரு துணி வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தபால்காரர் வந்தார்.

தினமும் அந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுவருகிற மனிதர். பேச்சு குறைவு. தோளில் தபால் பையோடு இன்னொரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து மடித்த துணியை எடுத்துத் தயங்கித் தயங்கி மெஷின் சட்டத்தின்மேல் விரித்தார்.

"நானே தைச்சது தங்கச்சி. சிரிச்சுடாதீங்க."

பழைய படுக்கை விரிப்புகளை வெட்டி ஒட்டிய துணி. வெளிர் நீலமும் பால் வெள்ளையுமாக அகலமான சதுரங்கள். பூ இல்லை, புள்ளி இல்லை. எத்தனையோ தடவை துவைத்துத் துவைத்துப் பூனைக் காது மாதிரி மெதுவாகிப்போன துணி. தையல் மட்டும் கோணல் மாணலாக, சில இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி, சில இடத்தில் எறும்பு வழி தவறிய மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே தைச்சிருக்கீங்கண்ணே" என்றாள். அவள் கண் தையலில் இல்லை. அந்த வெறும் சதுரங்களில் இருந்தது.

"டிசைன் எல்லாம் வேண்டாம் தங்கச்சி. துணி விலகாம அங்கங்க பிடிச்சு விட்டாப் போதும். லேசா இருக்கணும். மெத்துன்னு. வீட்டுல அவளுக்கு உடம்பு…"

"எல்லாம் நான் பாத்துக்கறேண்ணே" என்று அவள் இடையில் புகுந்துவிட்டாள்.

கையைக் கூப்பினாள். கண்ணை மூடினாள். மூடுவதற்கு முன்பே இறகு அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

"ஆண்டவன் காட்டிட்டான். இறகு."

தபால்காரர் முகம் சற்று மாறியது. "இறகா? தையல் நிறைய வருமோ?"

"ஆண்டவன் காட்டினதை நாம மாத்தலாமாண்ணே?"

அவரும் கடவுளுக்குப் பயந்தவர். தலையைக் குனிந்துகொண்டார். "நான் யாரு மாத்த. உங்க இஷ்டம்போல செய்யுங்க" என்று சொல்லி, துணிப்பையை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இறகை ஓட்டிய நாட்களில் பூத்தையல்காரி சாப்பாட்டை மறந்தாள். கைப்பிடி அவள் நினைத்த பக்கம் வழுக்கிப் போயிற்று. ஒரு சதுரத்தில் தொடங்கிய இறகு அடுத்ததில் வளைந்து, மூலையில் திரும்பி, நடுவில் வந்து ஒன்றாகச் சேர்ந்தது. இறகுக்கு வெளியே இருந்த இடத்தையும் அவள் சும்மா விடவில்லை. இறகு எடுப்பாகத் தெரியவேண்டும் என்று கடுகுபோலச் சுழி போட்டு நிரப்பினாள். பாபினில் நூல் தீரத் தீர மாற்றிக்கொண்டே இருந்தாள். முடித்துச் சட்டத்திலிருந்து கழற்றியபோது அவளுக்கே கண் கலங்கியது. இவ்வளவு அழகாக அவள் இதுவரை எதுவும் செய்ததில்லை.

வேன் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஓரத்தைப் பிடித்துத் தரையில் ஊன்றினார். அது சரியாமல் நின்றது.

"ஏம்மா, இது போர்வையா, கதவா? ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டா வாசலுக்கு மாட்டிடலாம் போலிருக்கே."

"உங்களுக்கு என்ன தெரியும்? வேனுக்கு டீசல் போடத் தெரியும்" என்று பிடுங்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உள்ளே எங்கோ ஒரு முள் தைத்தது. அதிகமாகத் தைத்த துணி விறைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? துவைத்தால் சரியாகும் என்று முள்ளின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

அன்றே அதை ஜவுளிக்கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு மாட்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். அவளும் எதிர்ப்பக்கம் காய் வாங்குகிற மாதிரி நின்று, அவர்கள் பார்ப்பதைப் பார்த்தாள்.

தபால்காரர் வாசலில் வந்து, "முடிஞ்சுதா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே."

பொய் வாயிலிருந்து வெண்ணெய்போல வழுக்கி வந்தது. அவர் அவளை ஒரு நொடி பார்த்தார். "சரி, இருக்கட்டும். அவசரமில்லை" என்று சொல்லிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கண்ணாடிக்குள் வேறு துணி மாட்டுகிற நேரம் வந்தபிறகு, போர்வையை வாங்கி அவரிடம் கொடுத்தாள். அவர் இறகின்மேல் விரலை ஓட்டினார். "ரொம்ப அழகு" என்றார். மடிக்கப் பார்த்தார், மடியவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் மறந்துவிட்டுப் போன துணிப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டாள். பைக்காகவா போனாள்? தபால்காரர் மனைவி வாயால் இன்னும் கொஞ்சம் புகழ்ச்சி கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். அது அவளுக்கு அப்போதே தெரியும், ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சின்ன வீடு. கதவு சாத்தாமல் இருந்தது. "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் தபால்காரர் மனைவி படுத்திருந்தாள். கை விரல்கள் முட்டு முட்டாக வீங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கழுத்திலும் தோளிலும் தோல் சிவந்து, தொட்டால் உரிந்துவிடும் போலிருந்தது. மேலே ஒரு பழைய வேட்டி, அதுவும் காற்றில் விழுந்த மாதிரி சும்மா கிடந்தது. பக்கத்தில் நாற்காலி. அந்த நாற்காலியின்மேல், ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பதுபோல, விறைப்பாக இறகுப் போர்வை.

"பூத்தையல் தங்கச்சியா? வாம்மா, வா. எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதே" என்றாள் அந்த அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "எதிர்லயே வெச்சிருக்கேன் பாத்தியா? கண்ணுக்கு எவ்வளவு நிறைவா இருக்கு! போத்திக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கல."

"ஏன் அண்ணி?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தோல் எரியுதும்மா. கொஞ்சம் கனமா, கொஞ்சம் விறைப்பா எது பட்டாலும் உயிர் போகுது. அதுக்காகத்தான் அவர், நான் படுத்துப் படுத்து மெத்துன்னு ஆன விரிப்பை எல்லாம் வெட்டி, மூக்குல கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரல்ல குத்திக் குத்தித் தைச்சார். தபால்காரன் தைச்ச போர்வை, வேற விலாசத்துக்குப் போயிடாம இருந்தாச் சரின்னு கேலி பண்ணுவேன்."

பூத்தையல்காரி கொண்டுவந்த பையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ மட்டும் என்ன செய்வே? நல்லா இருக்கணும்னுதானே நீ செஞ்சே. கடை ஜன்னல்ல மாட்டியிருந்தப்பவே அவர் பாத்துட்டு வந்து சொன்னார்."

"பாத்தாரா?"

"அந்தக் கடைக்குத் தினமும் தபால் போடறவர் இல்லையா? 'தங்கச்சி வேலையை ஊரே நின்னு பாக்குதும்மா, பாத்துட்டுப் போகட்டும், நாம கேட்டு அவங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது, நீ கொஞ்ச நாள் பொறுத்துக்கோ'ன்னார்."

இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே என்று வாசலில் நின்று சொன்னது அவள் காதில் திரும்பக் கேட்டது. அவர் அந்த ஒரு நொடி பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தது. திட்டியிருந்தால்கூட முகத்தை எங்காவது வைத்துக்கொள்ளலாம். பூமி பிளக்காதா என்று நின்றாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன் அண்ணி. பிரிச்சு, வேற மாதிரி தைச்சுக் கொண்டாறேன்."

"ஐயையோ, வேண்டாம்! ஆண்டவன் காட்டின டிசைனாமே! பிரிச்சாப் பாவம் இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் கௌரவம் பிழைக்கும், இந்த அம்மா வேட்டிக்கு அடியில் கிடப்பாள். இல்லை என்று சொன்னால் போர்வை பிழைக்கும், இத்தனை வருஷமாக ஊர் நம்பிய பேச்சு என்னாகும்? நாற்காலியைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, பாவி.

"ஆண்டவன் காட்டல அண்ணி" என்றாள். "நான்தான். கடை ஜன்னல்ல வைக்க எனக்கு ஒரு வெறுந்துணி வேணும்னு இருந்துச்சு. அண்ணன் சொல்ல வந்ததைக்கூடக் கேக்கல. அவர் மறுத்துப் பேசக் கூடாதுன்னுதான் ஆண்டவன் பேரைச் சொன்னேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா பெருமூச்சு விட்டாள்.

"நல்ல வேளை சொன்னே. நான் அந்த ஆண்டவன்கூடத்தான் தினம் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். இவ்வளவு நோவைக் குடுத்தியே, போத்திக்க ஒரு துணி கேட்டா எனக்குன்னு இந்தத் தகரத்தைத்தானா உனக்குக் காட்டத் தோணுச்சுன்னு. பாவம், அவன் பாட்டுக்கு இருந்திருக்கான், நான் வெச்சு வாங்கியிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பூத்தையல்காரியால் சிரிக்க முடியவில்லை. படுக்கையில் கிடக்கிற ஒருத்திக்கும் அவளுடைய கடவுளுக்கும் நடுவில் தான் ஒரு கட்டையைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போர்வையைச் சுருட்டிக்கொண்டு குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு வந்தாள். பெரிய தெரு வழியாக வர மனசில்லை.

பிரிக்கிற வேலை இருக்கிறதே, அது தைக்கிற வேலையைப் போல் இல்லை. தையலில் கை பறக்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு கண்ணாகத் தேடிக் கொக்கியை நுழைத்து, துணி கிழியாமல் அறுத்து, இழையை உருவ வேண்டும். கடுகுபோலப் போட்ட சுழி ஒவ்வொன்றும் இப்போது அவளைப் பார்த்து, ஏன் போட்டாய் என்று கேட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, அவரும் ஒரு ஓரத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார். விஷயத்தை எல்லாம் சொன்னாள். அவர் கதவு என்று கேலி செய்தவர் ஆயிற்றே, ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தாள்.

"நூலை இந்தப் பக்கம் போடு, கால்ல சுத்துது" என்றார்.

அந்த நாட்களில் அவள் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. கை கூப்பினால் வெட்கமாக இருந்தது. யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கடையில் கடன் வாங்கிவிட்டு, அவர் முகத்தில் விழிக்க முடியாதவள்போல, சாமி படத்தின் பக்கம் திரும்பாமல் போய்வந்தாள்.

பிரித்து முடித்த துணியைத் துவைத்துக் காயப்போட்டாள். ஊசி போன ஓட்டைகள் பாதி மூடின, பாதி மூடவில்லை. பழைய பஞ்சு விரிப்பை எடுத்துவிட்டு இருப்பதிலேயே மெல்லியதை வாங்கினாள். இந்த முறை சட்டத்தில் மாட்டுவதற்கு முன் மேல்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள். அவரும் வீட்டில் இருந்தார். அவரைப் பார்த்ததும் கண் தரைக்குப் போய்விட்டது.

"அண்ணே…"

"அவ சொன்னா தங்கச்சி. விடுங்க" என்றார். "நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். ஊர்க் கடுதாசி எல்லாம் கொண்டுபோய்ச் சேக்கறேன், என் சேதியைச் சொல்லத் தெரியல."

அந்த அம்மாமேல் துணியை மெதுவாக விரித்து, "எங்கெங்க ஊசி படக் கூடாது, சொல்லுங்க அண்ணி" என்று கேட்டாள். இப்படிக் கேட்டு அவள் டிசைன் போட்டதே இல்லை. தோள் வேண்டாம், முழங்கால் வேண்டாம், கை ரெண்டும் கிடக்கிற இடம் வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, சோப்புத் துண்டால் குறி போட்டாள். கடைசியில் மிஞ்சியது ஓரங்களும், நடுநடுவே ஆற்றுத் திட்டுபோலக் கொஞ்சம் இடமும்தான். வீட்டுக்கு வந்து மெஷினில் மாட்டி, அந்த இடங்களில் மட்டும், ஒரு கையகலத்துக்கு ஒன்றாக, தூங்குகிறவர் மூச்சு மாதிரி ஏறி இறங்குகிற ஓர் அலையை ஓட்டினாள். எந்தக் கடைக்காரரும் அதை ஜன்னலில் வைக்க மாட்டார்.

கொண்டுபோய்ப் போர்த்தினாள். தபால்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். போர்வை உடம்பின் மேடு பள்ளமெல்லாம் தொட்டுத் தொட்டுப் படிந்தது. அந்த அம்மா முகத்தைச் சுளிப்பாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சுளிக்கவில்லை. தோளை மெதுவாக அசைத்துப் பார்த்தாள்.

"இருக்கறதே தெரியலையே" என்றாள்.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் தெரிந்தது. மூடாமல் நின்ற ஊசி ஓட்டைகள், புள்ளி புள்ளியாக, சதுரத்துக்குச் சதுரம் வளைந்து போயின. நூல் இல்லாத இறகு. தபால்காரரும் பார்த்துவிட்டார்.

"இறகும் இருக்கு பாருங்க தங்கச்சி" என்று அன்பாகத்தான் சொன்னார்.

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. இனி எத்தனை தடவை துவைத்தாலும் அது போகாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

கிளம்புகிறேன் என்றபோது அந்த அம்மா விட்டால்தானே! "இரு. எனக்காக ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. எப்பவும் பண்ணுவியாமே, கண்ணை மூடி."

"வேண்டாம் அண்ணி. எனக்கு அந்த யோக்யதை இல்லை."

"யோக்யதை இருக்கறவங்களை எங்க போய்த் தேடறது? நீதான் கைக்கெட்டற தூரத்துல இருக்கே. கேளு."

மறுக்க முடியவில்லை. கையைக் கூப்பினாள். கண்ணை மூடினாள். முதலில் இறகுதான் வந்தது, வெட்கம் கெட்டது. அது போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஜவுளிக்கடை விளக்கு வந்தது, அதுவும் போகட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் எதுவும் வரவில்லை. இந்த அம்மாவுக்கு வலி குறையட்டும் என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, அழகாகத் திறக்கத் தெரியாதவள்போலக் கண்ணைத் திறந்தாள்.

"என்ன காட்டினான்?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"ஒண்ணும் காட்டல அண்ணி."

"அப்பாடா" என்று சொல்லி, கோணிய விரல்களால் போர்வையை இழுத்து மோவாய்வரை போர்த்திக்கொண்டாள்.